தட்டியை ஒட்டிய பெஞ்சு

ஓணம் லீவு கழிந்து பள்ளி திறந்த அன்று, மூன்றாம் வகுப்புக்குப் பதில் ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்தேன். பையில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று நெய்யாற்றின்கரை ஆபீசில் வாங்கிய நியமன உத்தரவு, மற்றது கட்டம் போட்ட ஒரு நோட்டு. உத்தரவைவிட நோட்டுதான் எனக்குப் பெரிது. ஆசிரியர் பயிற்சிக்குப் போன இரண்டு வருடமும் நான் அதில் பெஞ்சு வரைந்திருக்கிறேன். வரிசையாகப் போட்ட பெஞ்சு, வட்டமாகப் போட்ட பெஞ்சு, லாடம் போல வளைத்துப் போட்ட பெஞ்சு, நாலு நாலு பேர் முகம் பார்த்து உட்காரும் பெஞ்சு. பிள்ளை உட்காரும் இடத்தை மாற்றினால் அது படிக்கிற விதமும் மாறும் என்று பயிற்சியில் ஒருநாள் யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். சொன்னவர்கள் மறந்திருப்பார்கள். எனக்கு அது பிடித்துக்கொண்டது. வயது இருபத்திரண்டு. பிள்ளைப்பேற்றுக்குப் போன ஆசிரியை மார்ச் கடைசியில்தான் திரும்பி வருவார். அதுவரை அந்த வகுப்பு எனக்கு! என்னென்ன செய்து பார்க்கலாம்!

என் ஊரான அமரவிளையிலிருந்து பாறசாலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பொழியூர் பஸ். பாதி வழியில் இறங்கி, ரப்பருக்கும் மரச்சீனிக் கிழங்கு விளைக்கும் நடுவே பத்து நிமிடம் நடந்தால் பள்ளி, கேரள எல்லையோரத்தில். மலையாள வகுப்புகளுக்குப் புதிய கான்கிரீட் கட்டடம். ஒன்று முதல் நாலு வரையுள்ள தமிழ் வகுப்புகளுக்கு ஓடு போட்ட பழைய ஹால். அதில் அறை என்று எதுவும் கிடையாது. ஒரு வகுப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு தட்டி நிற்கும், அவ்வளவுதான். மரச்சட்டத்தில் மூங்கில் பாயை அடித்து, கீழே கால் வைத்து நிறுத்தியது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பாட்டும் பேச்சுமாகச் சமாஜம் நடக்கும்போது தட்டிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டால் நாலு வகுப்பும் ஒரு சபையாகிவிடும்.

பிள்ளைகள் எல்லாரும் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே பார்த்துப் படித்தால்தான் தலையில் ஏறும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. கிழக்குக் கோடியில் ஒன்றாம் வகுப்பு, அதற்குப் பின்னால் இரண்டு, அதற்குப் பின்னால் என்னுடைய மூன்று, மேற்குக் கோடியில் நாலு. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின்னால் ஒன்று. ஒவ்வொரு வகுப்பின் முன்னாலும் ஒரு போர்டு, போர்டுக்கு முன்னால் ஒரு ஆசிரியர். அன்றைக்கு இதில் எனக்கு ஒரு விசேஷமும் தெரியவில்லை. நோட்டில் ஹாலை வரைந்தேன், தட்டிக்கு மூன்று கோடு போட்டேன், உடனே பெஞ்சு பெஞ்சாக யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

எங்கள் பக்கம் ஆணானாலும் பெண்ணானாலும் பாடம் சொல்லித் தருகிறவர் 'சார்'தான். வயதில் சின்னவள் என்பதால் நான் 'கொச்சு சார்' ஆனேன். அந்தப் பேரை வைத்தவர் நாலாம் வகுப்பு சார். காலையில் தன் வாழைத்தோட்டத்தில் ஒரு சுற்று வேலை முடித்து, வேட்டியை இறக்கி விட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறவர். ஒரு விளையில் நின்று அடுத்த விளையில் நிற்பவனைக் கூப்பிட்டுப் பழகிய குரல். வகுப்பிலும் அதே குரல்தான். என் நோட்டை வாங்கி நாலு பக்கம் புரட்டினார்.

"அமரவிளை செக்போஸ்ட்டில இத எப்படி விட்டானுவ, கொச்சு சாரே? பிடிச்சு வச்சிருக்க வேண்டிய சாதனமாக்கும்."

தலைமையாசிரியைக்கு அந்த மார்ச்சில் ஓய்வு. எதற்கும் மறுப்புச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க மாட்டார். "பெஞ்ச மாத்து மோளே, வேண்டாம்னு சொல்லல்ல. தூக்குதவளுக்குச் சம்மதம் ஆவணும், அவ்வளவுதான்" என்றார். தூக்குகிறவள் என்றால் ஹாலைப் பெருக்குகிற அக்கா. அந்த அக்கா என் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள துடப்பம் எந்த வழி கேறும், எந்த வழி எறங்கும்?" என்று கேட்டார். என் நோட்டில் துடப்பத்துக்கு வழி வரைந்திருக்கவில்லை.

என் வகுப்பில் அந்த ஒரு பிள்ளையை நான் முதலில் கவனித்ததும் பெஞ்சு விஷயமாகத்தான். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து ஒரு மேசை போல ஆக்க முயன்றுகொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து, வகுப்பில் எல்லாரையும்விட அரைத்தலை உயரமான ஒருத்தி எழுந்து வந்தாள்.

"அப்படிச் சேத்தா நடுவில எடவெளி வரும், சாரே. நீளக்கால் உள்ள பக்கத்த ஒண்ணா வைக்கணும். அந்தப் பெஞ்சில ஆணியும் உண்டு, பாத்து."

ஆணி இருந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நாங்க பெஞ்சில ஒறங்கியிருக்கோம்."

அவள் வீடு பொழியூர்க் கடற்கரையில். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கடல் ஏறி வீட்டின் முன்பாதியைக் கொண்டுபோய்விட்டது. அந்த வரிசையில் இருந்த குடும்பங்களையெல்லாம் கரையோரப் பள்ளி ஒன்றில் தங்க வைத்தார்கள். இரண்டு பெஞ்சு சேர்த்தால் ஒரு கட்டில். அம்மா, அப்பா, இவள், ஒரு வயது இளைய தங்கை. ஒன்றரை மாதம் கழித்து கரையை விட்டு உள்ளே, சித்தி வீட்டுப் பக்கம் ஓலைப்புரை கட்டி வந்தார்கள். பாதி வருடத்தில் இந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். புதிதாக வந்த பிள்ளைக்குக் கடைசி பெஞ்சு. அந்த வருடம் அவள் தோற்றாள். இந்த வருடமும் அதே மூன்றாம் வகுப்பு, அதே கடைசி பெஞ்சு. வகுப்புக் குறிப்பேட்டில் அவளுக்கு முந்தைய ஆசிரியை போட்டிருந்த குறிப்பு ஒரே வார்த்தை: 'பேசாது.'

பெஞ்சைப் பற்றிப் பேசியவள், பாடம் கேட்டால் அந்தக் குறிப்பில் உள்ளபடியே நின்றாள்.

மத்தியானம் கஞ்சியும் பயறும் வாங்க வரிசை நின்றபோது விஷயம் தெரிந்தது. தங்கை இரண்டாம் வகுப்பு. சுறுசுறுப்பான வாய்க்காரி. பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே அக்காவைச் சீண்டினாள்.

"சாரே, அடுத்த வருசம் நானும் இவளும் ஒரே பெஞ்சு, கேட்டியளா? நான் சன்னலுக்க பக்கத்தில, இவ இஞ்சால. எனக்க ஸ்லேட்டைப் பாத்து எழுதப்பிடாதுன்னு இப்பமே சொல்லிட்டேன்."

இவள் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மரத்தடியில் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அவகூட ஒரே பெஞ்சில இருக்கமாட்டேன்" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே. "தோத்தா நான் வரமாட்டேன், சாரே. வீட்டில சொல்லியாச்சு."

"வீட்டில என்ன சொன்னாங்க?"

"அம்மை, போவாண்டாம்ன்னா போவாண்டாம், மீன் கூடை பிடிக்க ஆளாச்சுன்னு சொல்லிச்சு."

அவள் வயது பத்து. அதைச் சொன்னபோது அழவில்லை, கோபப்படவும் இல்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் பரபரத்தது. மார்ச் வரை நேரம் இருக்கிறது, என் நோட்டு இருக்கிறது. இந்தப் பிள்ளையை நாலாம் வகுப்புக்குத் தள்ளாமல் விடுவேனா?

மறுநாளே அவளை முன் பெஞ்சுக்குக் கொண்டுவந்தேன்.

"சாரே, நான் பின்னாலேயே இருந்துக்கிடட்டா?"

"பின்னால இருந்தா பின்னாலேயே இருந்திருவே, மக்கா" என்றேன். எவ்வளவு அழகான வாக்கியம் என்று எனக்கே தோன்றியது. அதை நோட்டிலும் எழுதி வைத்தேன்.

முன் பெஞ்சில் அவள் இன்னும் மோசமானாள். பின்னால் இருந்தபோது ஊமையாக இருந்தவள், முன்னால் வந்து ஊமையும் செவிடும் ஆனாள். நான் கேட்பது எதுவும் அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. சரி, வரிசைதான் கோளாறு என்று லாட வடிவத்துக்குப் போனேன். லாடத்தில் பாதிப் பேருக்குப் போர்டு பக்கவாட்டில் வந்தது, கழுத்து வலித்தது. வட்டத்துக்குப் போனேன். வட்டத்தில் எதிரெதிர் கால்கள் சண்டை போட்டன. தட்டிக்கு மேலே நாலாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். "எறங்குலே! அங்க என்ன சர்க்கஸா நடக்குது?" என்று சார் அவர்களை அதட்டியது மூன்று வகுப்புக்குக் கேட்டது. மற்ற பிள்ளைகள் ஒவ்வொரு மாற்றத்துக்கும் குதித்தார்கள். அவள் மட்டும் எந்த வடிவத்தில் போட்டாலும் தலையை மேற்குத் தட்டிப் பக்கம் சாய்த்தே உட்கார்ந்தாள். கழுத்தை நேராக வை என்று நான் திருத்திக்கொண்டே இருந்தேன். கவனித்தேன், திருத்தினேன், ஆனால் ஏன் சாய்க்கிறாள் என்று கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஏன் ஏன் என்று கேட்கிறவள் என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த ஒன்றை மட்டும் கேட்காமல் விட்டேன்.

கிறிஸ்மஸ் பரீட்சை வந்தது. பரீட்சைக்கு எங்கள் ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. பார்த்து எழுதாமலிருக்க மூன்றும் நாலும் வகுப்புப் பிள்ளைகளைக் கலந்து, ஒரு பெஞ்சில் மூன்று, நாலு, மூன்று, நாலு என்று மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். போர்டின் நடுவே ஒரு கோடு. இடது பாதி மூன்றாம் வகுப்புக் கேள்வி, வலது பாதி நாலாம் வகுப்புக் கேள்வி.

கணக்குப் பரீட்சை முடிந்து தாள்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம். நாலாம் வகுப்பு சார் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"கொச்சு சாரே, இஞ்ச வா. இது யாருக்க பிள்ளையாக்கும்? உனக்கதா, எனக்கதா?"

அவளுடைய தாள். இடது பாதிக் கேள்வி ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. வலது பாதியில் உள்ள நாலாம் வகுப்புக் கணக்கு ஐந்தையும் எழுதியிருந்தாள். நாலு சரி.

"பக்கத்தில இருந்தவனைப் பாத்திருப்பா" என்றேன்.

"அவன் ரெண்டுதான் சரியா எழுதியிருக்கான். ரெண்ட பாத்து நாலு எழுத ஒக்குமா?"

அவளைக் கூப்பிட்டோம். சார் தாளைக் காட்டாமல், வாயாலேயே ஒரு கணக்கைப் போட்டார். "ஒரு குலையில ஒம்பது சீப்பு. ஒரு சீப்பில பன்னெண்டு காய். ஏழு குலை வெட்டியாச்சு."

அவள் தலையைச் சாய்த்தாள். அதே சாய்ப்பு. விரலைத் தொடையில் தட்டினாள். "எழுநூத்தி அம்பத்தாறு."

சார் என்னைப் பார்த்தார். "எனக்க கணக்காக்கும்" என்றார் அவர். "பத்துப் பதினஞ்சு வருசமா இதே வாழை, இதே குலை. ஒரு சீப்புகூட மாத்தினதில்ல. இவளுக்கு ஆரு சொல்லித் தந்தது?"

"நீங்கதான்" என்றாள். "நான் அங்க இருக்கும்ப சொல்லுவியளே."

அங்கே என்று அவள் கையைக் காட்டிய இடம், என் வகுப்பின் பழைய கடைசி பெஞ்சு.

"நம்ம வகுப்பில சொல்லுறது?" என்றேன் நான்.

யோசித்தாள். என் மனதை நோகடிக்கக் கூடாது என்று யோசித்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "லீவில போன சாரு போர்டப் பாத்து மெதுவா சொல்லும், கேக்காது. கொச்சு சாரு..."

"சொல்லு, ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"கொச்சு சாரு சொல்லுறது கேக்கும். அது என்னன்னு நான் நினைக்குதுக்குள்ள அடுத்தது வந்திரும்."

சார் சிரிப்பை அடக்க வெற்றிலை எடுக்கிற பாவனையில் திரும்பிக்கொண்டார்.

அன்று மாலை நாலு மணி அடித்து பிள்ளைகள் போன பிறகு, சாரைக் கெஞ்சி அரைமணி நேரம் நிறுத்தி வைத்தேன். "நீங்க எப்பவும் நிக்கிற இடத்தில நின்னு பாடம் எடுங்க. நான் இருந்து பாக்கணும்." ஆளில்லாத பெஞ்சுகளுக்கு அவர் வாழைக்குலை வெட்டத் தொடங்கினார். பழையபடி வரிசையாகப் போட்ட என் வகுப்புப் பெஞ்சுகளில் நான் ஒவ்வொரு இடமாகப் போய் உட்கார்ந்தேன். முதல் பெஞ்சில் அவர் குரல் ஒரு இரைச்சலாக மட்டும் இருந்தது. இரண்டாவதில் சில வார்த்தைகள் பிரிந்து கேட்டன. தெற்கு ஓரத்தில் இருந்தபோது வளைவில் திரும்பும் பஸ்ஸின் ஹாரன் எல்லாவற்றையும் விழுங்கியது. நடுவில் ஒரு இடத்திலிருந்து பார்த்தால் போர்டு முழுக்க வெள்ளை ஒளி, ஒரு எழுத்து தெரியவில்லை. அங்கே இருக்கிற பையன் மத்தியானத்துக்கு மேல் எழுதவே மாட்டான், சோம்பேறி என்று நான் வைதிருக்கிறேன்! கடைசி பெஞ்சில் அவளுடைய இடத்தில் உட்கார்ந்தேன்.

அவர் என் காதுக்குள் பேசினார்.

எழுந்து தட்டியைப் பார்த்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நாலாம் வகுப்பின் போர்டு, போர்டை ஒட்டி சார். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு மூங்கில் பாய் மட்டும்தான். அவருடைய வகுப்பின் முதல் பெஞ்சுகூட அவ்வளவு பக்கத்தில் இல்லை. தட்டியில் பெஞ்சு உயரத்தில் ஒரு மூங்கில் சிம்பு ஒடிந்து, இரண்டு விரல் நுழையும் ஓட்டை இருந்தது. அதன் வழியே பார்த்தால், அவர் கேள்வி கேட்கும்போது திருதிருவென்று விழிக்கிற முன் பெஞ்சுக்காரர்களின் முகம் தெரியும்.

என் வகுப்பின் கடைசி பெஞ்சுதான் நாலாம் வகுப்பின் முதல் பெஞ்சு! நோட்டில் மூன்று கோடு போட்டபோது இது ஏன் எனக்குத் தெரியவில்லை? கோட்டுக்குச் சத்தம் இல்லையே, அதனால்தான். போன வருடம் பாதியிலிருந்து அந்தப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் பேர் வைத்துக்கொண்டு நாலாம் வகுப்பில் படித்திருக்கிறாள். பாதி வருடத்தில் வந்தவளுக்கு, முன்னால் மெதுவாகப் பேசுகிற குரல் எட்டவில்லை. பின்னால் சத்தமாக ஒரு குரல் இருந்தது. எட்டியதைப் பிடித்துக்கொண்டாள். நான் வந்து, நல்லது செய்கிறேன் என்று அதையும் பிடுங்கிவிட்டேன்.

"இனி நீங்க இங்க இருங்க, நான் எடுக்கிறேன்" என்றேன்.

சார் என் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். நான் எப்போதும் போல ஒரு பாடம் எடுத்தேன். முடித்துவிட்டு எப்படி என்று கேட்டேன்.

"பஸ்ஸு நல்ல பஸ்ஸாக்கும், கொச்சு சாரே. ஆனா நிக்கமாட்டேங்குது. ஸ்டாப்பில ஆளு கை காட்டிட்டு நிக்குது, வண்டி போயாச்சு."

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நான் யாருடனும் பேசவில்லை. பேசினால் வேகமாகப் பேசிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அவளைப் பழையபடி கடைசி பெஞ்சில் விட்டால் நாலாம் வகுப்பைத்தான் படிப்பாள், மார்ச்சில் மூன்றாம் வகுப்பில் தோற்பாள். முன்னால் கொண்டுவந்தால் ஒன்றையும் படிக்க மாட்டாள். கிறிஸ்மஸ் லீவு முழுக்க நோட்டில் கோடு போட்டேன். ஜனவரியில் ஒரு காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்னால், பெருக்குகிற அக்காவும் நானுமாக என் வகுப்பு முழுவதையும் அப்படியே திருப்பிப் போட்டோம். அவள் பெஞ்சு இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் இப்போது முகம் தட்டிப் பக்கம். போர்டைத் தூக்கித் தட்டியின் மேல் சாய்த்து, நான் அங்கே போய் நின்றேன். கடைசி பெஞ்சு முதல் பெஞ்சானது. மூன்றாம் வகுப்பு மேற்கே பார்த்தது. வரிசை வரிசைதான், துடப்பத்துக்கும் வழி இருந்தது.

தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். வட்டத்துக்குக்கூட ஒன்றும் சொல்லாதவர் இதற்கு முகம் சுளித்தார்.

"மேற்கே பாத்து ஆராவது பிள்ளையளப் படிக்க வைக்குமா, மோளே? வீட்டில கேட்டா நான் என்ன சொல்லுவேன்? தலையில கேறாது."

நான் பதிலுக்குத் தயாராகும் முன், முதல் பெஞ்சாகிவிட்ட கடைசி பெஞ்சிலிருந்து அவள் சொன்னாள். "எங்க வீட்டில எல்லாம் மேற்கே பாத்துதான் இருக்கும், சாரே. கடல் அங்கதானே கெடக்கு."

'பேசாது' என்று எழுதப்பட்ட பிள்ளை. தலைமையாசிரியை வாசற்படியிலிருந்து இறங்கினார். "மார்ச்சு வரை இருக்கட்டு" என்றார். "அதுக்குப் பொறவு நானும் இல்ல, நீயும் இல்ல. வாறவங்க பாத்துக்கிடட்டு."

முதல் வாரம் பெரிய சங்கடம். நானும் நாலாம் வகுப்பு சாரும் ஒரே தட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முதுகோடு முதுகு நின்று கத்தினோம். அவர் குரலோடு போட்டி போட முடியுமா? இரண்டாவது வாரம் ஒரு விஷயம் தட்டுப்பட்டது. அவர் ஒரு கணக்கைச் சொல்லி முடித்ததும், அவர் பிள்ளைகள் எழுதுகிற நேரம் ஒரு அமைதி வரும். அந்த அமைதிக்குள் நான் என் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஒன்றே ஒன்றுதான் கொள்ளும். சொன்னதும் என் பிள்ளைகள் எழுதத் தொடங்குவார்கள், அவர் அடுத்த குலையை வெட்டுவார். அதுவரை நான் வாயை மூடி நிற்க வேண்டும். எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை! ஆனால் அந்த நிற்கிற நேரத்தில்தான் முன் பெஞ்சின் முகங்களைப் பார்த்தேன். அவள் தலையைச் சாய்க்கவில்லை. நான் சொன்னதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதினாள். சில நாள் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும்: "கொச்சு சாரே, வண்டிய எடுக்கட்டா? ஆளு கேறியாச்சா?" நான் இந்தப் பக்கமிருந்து, "ரெண்டு பேரு பாக்கி உண்டு, நில்லுங்க" என்பேன். இரண்டு வகுப்பும் சிரிக்கும்.

கணக்கு அவளுக்கு வந்தது. தமிழ்தான் மெதுவாக வந்தது, வந்ததா என்றுகூடச் சொல்ல முடியாத மெதுவாக. பிப்ரவரியில் அவள் அம்மா மீன் கூடையோடு பள்ளி வாசலில் நின்று கேட்டார். "சாரே, உள்ளத சொல்லணும். இது ஜெயிக்குமா? ஜெயிக்காதுன்னா இப்பமே சொல்லிப்போடுங்க. கூடவே நடந்து தொழில் படிக்கட்டு. அதுக்கும் ஒரு வருசம் வேணும்."

உள்ளதைச் சொன்னேன். "தெரியல்ல, அக்கா. கணக்கில ஜெயிப்பா. தமிழில எனக்குத் தெரியல்ல. மார்ச்சு வரை விடுங்க."

பரீட்சைக்கு மறுபடி பெஞ்சுகள் கலந்தன, போர்டில் நடுக்கோடு விழுந்தது. அவள் இடது பாதியைப் பார்த்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நின்றேன், அவ்வளவுதான், பக்கத்தில் போகவில்லை. பரீட்சை முடிந்த நாளோடு என் உத்தரவும் முடிந்தது. தாள் திருத்தியது லீவு முடிந்து வந்த பழைய ஆசிரியை. நான் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அமரவிளைக்கு வந்துவிட்டேன்.

ஜூனில் பள்ளி திறந்து ஒரு வாரம் கழித்து, வேலை பார்த்ததற்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று போனேன். சர்டிபிகேட் ஒரு சாக்கு. தபாலில் அனுப்பச் சொல்லியிருக்கலாம். நல்ல மழை. புதிய தலைமையாசிரியர் எழுதித் தரும்வரை ஹால் பக்கம் நடந்தேன்.

கோடை லீவில் வெள்ளையடித்திருந்தார்கள். பெஞ்சுகளைத் திரும்பப் போட்டபோது எல்லாம் கிழக்கே பார்த்துவிட்டன. என் மூன்றாம் வகுப்பும்தான். எனக்கு ஒரு நிமிடம் வருத்தம் வந்தது, ஆனால் அதற்கு நேரமில்லை. கண் மூன்றாம் வகுப்பில் அவளைத் தேடியது. கடைசி பெஞ்சில், தட்டியை ஒட்டி, பழகிய ஒரு முகம். ஆனால் அது தங்கை. இரண்டாம் வகுப்பிலிருந்து வந்துவிட்டாள். பக்கத்தில் அக்கா இல்லை. அந்தப் பெஞ்சில் இல்லை, எந்தப் பெஞ்சிலும் இல்லை. சொன்னதைச் செய்துவிட்டாளா? மீன் கூடையா?

தங்கை என்னைப் பார்த்ததும் பல்லைக் காட்டினாள். நான் கேட்க வாய் எடுப்பதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கம் வாழைக்குலை வெட்டு தொடங்கிவிட்டது.

"ஒரு குலையில ஒம்பது சீப்பு..."

சுற்றிக்கொண்டு ஓடினேன். நாலாம் வகுப்பின் முதல் பெஞ்சில் அவள் இருந்தாள். புதிய ஸ்லேட், பழைய பாவாடை. என்னைக் கண்டதும் எழுந்தாள், எழுந்ததும் தட்டியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அந்த ஓட்டை இல்லை. சுருட்டிய ஏதோ ஒன்றைத் திணித்து அடைத்திருந்தது. குனிந்து பார்த்தேன். மூன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் அட்டை.

"ஆரு மக்கா இத அடைச்சது?"

"நான்தான், சாரே."

"எதுக்கு?"

குரலைத் தாழ்த்தினாள். "அவ அங்க வந்து இருக்கா. எனக்க எடத்திலேயே. கேட்டுக் கேட்டு இஞ்ச வந்திருவா."

சார் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கொச்சு சாரு வந்திருக்கு. கேள்வி கேட்டுக் காட்டணும்லா? கவனி. ஒரு குலையில ஒம்பது சீப்பு. ஆறு குலை வெட்டியாச்சு. சீப்பு எத்தன?"

அவள் விரலைத் தொடையில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"அம்பத்தி நாலு" என்றது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் குரல்.

நாலாம் வகுப்பு முழுக்கத் தட்டியைத் திரும்பிப் பார்த்தது. அவள் பெஞ்சை விட்டுத் தட்டியிடம் போனாள். ஓட்டையில் இருந்த அட்டையைக் கட்டைவிரலால் இன்னும் உள்ளே அழுத்தினாள். அழுத்திவிட்டு, நடக்காது என்று தெரிந்தவள் போல, அதன்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றாள்.